நூலுக்கு நேரா, கண்ணுக்கு நேரா? கோயில், பள்ளி, சேர்ச், விகாரைக் கட்டடங்களில் கண் மயக்கம்

பட்டிருப்பு_சித்திர_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

உயர்தரச் சித்திர வகுப்பில தாஜ்மஹால் படம் போட்டுக் காட்டக்குள்ள ஒரு மகள் கேட்டா: "டீச்சர், பெரிய வாசலுக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டே முன்னுக்கு நடந்தா தாஜ்மஹால் சின்னதாகுதாம், பின்னுக்கு வந்தா பெரிசாகுதாம். மெய்யா?"

மெய்தான். பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினத இங்கயும் எழுதுறன்.

வாசலுக்கும் சமாதிக்கும் நடுவில ஏறக்குறைய 300 மீற்றர் தோட்டம். வாசல் வளைவுக்குக் கொஞ்சம் பின்னால நிண்டா அந்த வளைவு படச்சட்டமாயிடும். சட்டம் நிறைய வெள்ளைக் குவிமாடம் மட்டும் நிக்கும். பக்கத்தில வச்சு ஒப்பிட மரமோ மதிலோ தெரியாது. நாலு எட்டு முன்னுக்கு வச்சா, கிட்ட இருக்கிற வளைவு கண்ணுக்குச் சடாரெண்டு விரியும். தூர இருக்கிற சமாதி கொஞ்சம்தான் பெருக்கும். சட்டம் விரிஞ்ச வேகத்துக்குப் படம் பெருக்காததால, சமாதி பின்வாங்கிப் போகுது எண்டு எங்கட மூளை எடுத்துக்கொள்ளுது. வேற மந்திரம் ஒண்டுமில்ல.

1632ல தொடங்கின வேலை. வாசலைச் சுத்தி அமானத் கான் எழுதின குர்ஆன் வசனங்கள் மேல போகப் போக எழுத்துப் பெருத்துக்கொண்டு போகுது. கீழ நிண்டு வாசிக்கிறவருக்கு அடியில இருந்து உச்சி வரைக்கும் ஒரே அளவாத் தெரியும். நாலு மினாராக் கோபுரமும் வெளிப்பக்கம் லேசாச் சரிச்சு வச்சிருக்கு. நூல் பிடிச்சு நேரா நிறுத்தியிருந்தா உள்ளுக்குச் சாயிற மாதிரித் தெரியும் எண்டு ஒரு காரணம் சொல்றாங்க. நில அதிர்வில விழுந்தாலும் சமாதிக்கு மேல விழாம அங்கால விழட்டும் எண்டு இன்னொரு காரணம்.

இதுகளப் பாக்கப் பாக்க எனக்குத் தோணுறது ஒண்டுதான். அந்தக் கொத்தனார்கள் பாக்கிறவர் எங்க நிப்பார் எண்டதை முதல்ல முடிவு கட்டிட்டுத்தான் கல்லைத் தொட்டிருக்காங்க. எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில வேலை செஞ்ச ஆக்கள், கட்டின ஆக்கள், பாத்துப் பழகின ஆக்கள் எழுதுங்க. பிள்ளைகளுக்கும் வாசிச்சுக் காட்டுவன்.


கல்லடி_வரைபடம்:

நல்ல இழை டீச்சர். இந்த விஷயத்துக்குப் பழைய உதாரணம் ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன். கி.மு. 447இல் தொடங்கிய அதீனாவின் கோயில். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாக் கோடும் நேர்க்கோடு. அளந்து பார்த்தால் நேர்க்கோடு என்று ஒன்றைத் தேடத்தான் வேண்டும். தூண்கள் நிற்கிற மேடை நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்கிறது: முகப்பில் 6 சென்ரிமீற்றர் அளவு, நீளப் பக்கத்தில் 11 சென்ரிமீற்றர் அளவு. 70 மீற்றர் நீளத்தில் 11 சென்ரிமீற்றர் யாருக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். தட்டையாக வைத்திருந்தால் நடு தொய்ந்தது போலத் தெரிந்திருக்கும் என்பது ஒரு விளக்கம். மழைத் தண்ணீர் தேங்காமல் வழிவதற்கும் அந்த வளைவு உதவும்.

தூண்கள் எல்லாம் லேசாக உள்ளே சாய்ந்தவை. மூலைத் தூண்கள் மற்றத் தூண்களைவிடக் கொஞ்சம் பருமன், ஏனென்றால் மூலைத் தூணுக்குப் பின்னால் சுவர் இல்லை, வெறும் வானம்தான். பளீரென்ற வானத்துக்கு எதிரே நிற்கிற எந்தத் தூணும் மெலிந்து தெரியும். அதை ஈடுகட்டத்தான் அந்தப் பருமன்.

நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கணினியில்தான் கோடு போடுகிறேன். கணினிக் கோடு நேராக இருக்கிறது, கட்டி முடித்த கட்டடம் கண்ணுக்கு நேராக இல்லை. இதை எங்கள் தொழிலில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் கவலை.


ஓடாவி_காத்தான்குடி:

டீச்சர், தாஜ்மஹால்ல எனக்குப் பிடிச்சது வேற ஒண்டு. சமாதிக்கு மேற்குப் பக்கம் ஒரு பள்ளிவாசல் இரிக்கி. அதே அளவில, அதே கல்லில, கிழக்குப் பக்கமும் ஒரு கட்டடம், பேர் ஜவாப். அது பள்ளி இல்ல. உள்ள மிஹ்ராபு, தொழுற திசையைக் காட்டுற சுவர் மாடம், கிடையாது. பள்ளித் தரையில கறுப்புக் கல்லால 569 தொழுகை விரிப்பு வரைஞ்சிரிக்கி, ஜவாபுத் தரையில அது இல்ல. ரெண்டு பக்கமும் கண்ணுக்குச் சமனா நிக்கணும் எண்டதுக்காக மட்டுமே கட்டின முழுக் கட்டடம் அது.

ஆக்ராவுக்கு ஒரு வசதியும் இரிக்கி. அங்க கிப்லா, அதாவது தொழக்குள்ள முகம் வைக்கிற மக்காத் திசை, ஏறக்குறைய நேர் மேற்கு. அதால தோட்டத்துட அச்சையும் பள்ளியையும் சதுரமாப் பொருத்த ஏலுமாப் போச்சு. நம்மட பக்கம் அப்பிடி இல்ல. மட்டக்களப்பில இருந்து மக்கா நேர் மேற்கில இருந்து 23 பாகை அளவில வடக்கே. நம்மட கரையோர வீதியும் நேர் வடக்குத் தெற்கா ஓடல்ல, வடமேற்கில இருந்து தென்கிழக்காச் சரியிது. காணி வீதிக்குச் சதுரம், கிப்லாவுக்குக் கோணல். ஒவ்வொரு பள்ளி கட்டக்குள்ளயும் வாற பிரச்சினை இதுதான்.

சில இடத்தில பள்ளியையே திருப்பிக் கட்டுறாங்க, முன்னால முக்கோணமா ஒரு துண்டு நிலம் மிஞ்சும். சில இடத்தில கட்டடத்த வீதிக்குச் சமனா வச்சிட்டு உள்ள சஃப்பை, தொழ நிக்கிற வரிசையை, மட்டும் சரிக்கிறாங்க. நான் உள் வேலை செஞ்ச ஒரு பள்ளியில ரெண்டாவது மாதிரி. தரையில சஃப்புக் கோடு அடிக்கக்குள்ள ஒரு மூலையில ஆணி அடிச்சி நூலை இழுத்துப் பிடிச்சம். சுவரோட சேர்ற இடத்தில கோடு கத்தி மாதிரி ஒடுங்கிப் போய் முடியிது. தூண் எல்லாம் ஒரு பக்கம் பாக்கிது, நிக்கிற மனிசர் எல்லாம் இன்னொரு பக்கம் பாக்கிறாங்க. புதுசா வாறவருக்குத் தொழுகையில முதல் ரக்அத்தில தலை சுத்துற மாதிரி இரிக்கும். பழகினா தூண் கண்ணுக்கே தெரியாது.

ஈரான்ல இஸ்பஹான் எண்ட ஊர்ல பெரிய சதுக்கம். 1611ல தொடங்கின ஷா பள்ளிட வாசல் சதுக்கத்தப் பாத்து நேரா நிக்கிது. வாசலுக்குள்ள போனா பாதை அரைச் செங்கோணம் திரும்பி, பள்ளி கிப்லாவப் பாக்கிது. இதால ஒரு பெரிய நன்மை: நேரா வச்சிருந்தா வாசலுக்குப் பின்னால குப்பா, பள்ளிட குவிமாடம், மறைஞ்சி போயிரிக்கும். திருப்பி வச்சதால சதுக்கத்தில நிக்கிறவருக்கு வாசலும் தெரியிது, அதுக்குப் பக்கத்தால நீலக் குப்பாவும் தெரியிது. கோணல அவங்க மறைக்கல்ல, வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. நம்மட பள்ளி நிர்வாகங்கள் இதப் பாக்கணும்.


களுவாஞ்சி_சின்னவன்:

இதெல்லாத்தையும்விடப் பெரிசு தஞ்சாவூர்க் கோயில். கோபுர நிழலே தரையில விழாது. அந்தக் காலத்து விஞ்ஞானம்!


அக்கரைப்பற்று_கணக்கு:

தம்பி, தஞ்சாவூர்ப் பெருங்கோயில் பெரிய சாதனை, அதில ரெண்டு பேச்சில்லை. ஆனா நிழல் விழும். காலையில போய்ப் பாருங்க, முற்றத்தில நீட்டிப் படுத்திருக்கும்.

கணக்கைப் பாருங்க. கருவறைக்கு மேல நிக்கிற விமானத்தின் உயரம் ஏறக்குறைய 200 அடி, அடிப்பாகம் ஏறக்குறைய 100 அடிச் சதுரம். மேல போகப் போக ஒடுங்குது. சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல நிக்கிற நேரம் உச்சியின்ட நிழல் 50 அடிக்குள்ள விழுந்தா, அது அடிப்பாகத்துக்கு மேலயே விழுந்திடும், தரைக்கு வராது. நண்பகலில போற ஆக்கள் கண்டது அதைத்தான். மார்கழியில நண்பகலிலயும் அங்க சூரியன் 56 பாகை உயரத்தில்தான் நிக்கும். அண்டைக்கு 12 மணிக்கும் நிழல் வடக்குப் பக்கத் தரையில கிடக்கும்.

எங்கட நாட்டில சித்திரை மாதம் சூரியன் உச்சம் கொடுக்குது எண்டு வருஷா வருஷம் வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்குதே, அந்த நாளில நண்பகலில வெளியில நிண்டு உங்கட நிழலையே தேடிப் பாருங்க, காலடியில சுருண்டிருக்கும்.

1010ல முடிச்ச அந்தக் கோயிலைப் புகழ நிழல் கதை தேவையில்லை. வாசல் கோபுரங்களைத் தாழ்வா வச்சு, விமானத்தை மட்டும் ஒண்டா உயர்த்தினதே போதும். ரெண்டு வாசல் தாண்டி முற்றத்துக்கு வாற வரைக்கும் விமானத்தின்ட மேல்பாதிதான் தெரியும். உள்ள வந்ததும் அடியோட முழுசா எதிரில நிக்கும்.


களுவாஞ்சி_சின்னவன்:

விளங்குது சேர். 56 பாகை எப்படி வந்தது எண்டு எழுதுவீங்களா?


அக்கரைப்பற்று_கணக்கு:

90ல இருந்து தஞ்சாவூரின் அகலாங்கு 10.8ஐக் கழியுங்க, பிறகு மார்கழியில சூரியன் தெற்கே போற 23.4ஐக் கழியுங்க. 55.8. மட்டக்களப்புக்கு 7.7 போட்டுச் செஞ்சு பாருங்க தம்பி.


சுதைவேலை_திருக்கோவில்:

வணக்கம். நான் கோபுரத்தில பொம்மை கட்டுற ஆள். தமிழ்நாட்டு ஸ்தபதிமார்ட கீழயும் வேலை செஞ்சிருக்கன், யாழ்ப்பாணத்து ஆக்களோடயும் செஞ்சிருக்கன். டீச்சர் சொன்ன எழுத்து விசயம் எங்கட தொழில்ல நாளாந்தம் நடக்கிறது.

முதல் தளத்தில நிக்கிற துவாரபாலகரை ஆக்கள் கிட்ட இருந்து பாப்பாங்க. நகம், வளையல், மாலையில பூவிதழ் எல்லாம் வேணும். மேல் தளத்துப் பொம்மைக்கு அது வேணாம், வச்சாலும் கண்ணுக்கு எட்டாது. அங்க தலையைக் கணக்குக்குக் கொஞ்சம் கூடப் பெரிசா வைக்கிறம். ஏனெண்டா கீழ இருந்து பாக்கக்குள்ள நெஞ்சும் வயிறும் முன்னுக்குத் தெரியும், முகம் பின்னுக்குப் போய்ச் சுருங்கிடும். கழுத்தை நேரா வச்சா நாடி மட்டும்தான் தெரியும், அதால முகத்தைக் கீழ்நோக்கிச் சரிச்சு, உடம்பையும் முன்னுக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவம். கண்ணை அகலமாத் திறந்து, இமையில ஆழமாக் கீறி விடுவம். கீறின பள்ளத்தில நிழல் விழுந்தாத்தான் கண் எண்டு தெரியும், வர்ணம் நாலு மழைக்குள்ள போயிடும்.

சாரத்தில நிண்டு முகத்துக்கு முகம் பாத்தா அந்தப் பொம்மை அழகில்லை. தலை பெருத்து, முழி பிதுங்கி, முன்னுக்கு விழப்போற மாதிரி நிக்கும். புதுசா வேலைக்கு வாற பிள்ளைகள் அதைத் திருத்தப் பாக்கும், தொடாத எண்டு சொல்லுவம். பெரிய ஸ்தபதி கீழ இறங்கி வீதியில போய் நிண்டு, அங்க இருந்து கையைக் காட்டுவார்: இன்னும் குனி, தோளைக் குறை, போதும். மேல நிக்கிற நான் சாந்து காயிறதுக்குள்ள செய்யணும். காஞ்சிட்டா உடைச்சுத்தான் எடுக்கலாம். சாரம் பிரிச்சிட்டா அதுவும் ஏலாது, அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் அப்படியே நிக்கும்.

மதுரையில தெற்குக் கோபுரத்தைப் பாத்த ஆக்கள் இருந்தா நினைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கக் கோடும் நேராப் போகாம உள்வாங்கி வளைஞ்சு மேல எழும்பும். 170 அடிதான், பாக்கிறதுக்கு அதைவிட உயரம். எங்கட நாட்டில இப்ப கொங்கிறீட் சட்டம் அடிச்சுக் கட்டுற கோபுரங்களில அந்த வளைவு வாறதில்லை, ஏணி மாதிரி நேராப் போகுது. இரும்பை வளைச்சுக் கட்டச் சொன்னா மேசன்மார் செலவு கூடும் எண்டுறாங்க. எனக்கு மனசு கேக்கிறதில்லை.


மண்டூர்ப்_பிள்ளை:

எல்லாரும் நல்லாத்தான் எழுதுறீங்க. எனக்கு ஒரு கேள்வி. கடவுளைக் கும்பிடப் போற இடத்தில கண்ணை மயக்கிறது சரியா?

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு வந்து பாருங்க. மூலஸ்தானத்துக்கு முன்னால திரை. கப்புகனார் எண்ட பூசகர் வாயைத் துணியால கட்டிக்கொண்டு பூசை செய்வார். எங்களுக்குத் தெரியிறது திரை மட்டும்தான். கதிர்காமத்திலயும் அதே முறை. அங்க நிக்கிற சனத்துக்கு ஏதும் குறையுதா? அழுது கும்பிடுதுகள். சமச்சீரும் வேணாம், வளைவும் வேணாம்.


மைக்கல்_பழைய_மாணவன்:

மண்டூர் அண்ணன்ட கேள்விக்கு நேர் எதிரான உதாரணம் ஒண்டு சொல்றன்.

ரோமில புனித இஞ்ஞாசியார் ஆலயம் எண்டு ஒண்டு இருக்கு. யேசு சபைக்காரர்ட கோயில், எங்கட புனித மைக்கேல் கல்லூரியில படிப்பிச்ச பாதர்மார்ட அதே சபை. அந்த ஆலயத்தில குவிமாடம் கட்ட நினைச்சு, கடைசியில கட்டல்ல. சபையைச் சேர்ந்த சகோதரர் அந்திரேயா பொற்சோ 1685ல ஏறக்குறைய 17 மீற்றர் அகலமான துணியில குவிமாடத்தை வரைஞ்சு மேல பொருத்திட்டார். தூண், சாளரம், உச்சியில வெளிச்சம் வாற துவாரம் எல்லாம் வர்ணம்தான். தரையில ஒரு வட்டக்கல் பதிச்சிருக்கு. அந்தக் கல்லில நிண்டா மேல உண்மையான குவிமாடம். அதில இருந்து பீடத்துப் பக்கம் கொஞ்சம் நடந்தா தூண் எல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சு, குவிமாடம் விழப்போற மாதிரித் தெரியும்.

பொற்சோ இதை ஒளிக்கல்ல. எங்க நிண்டு பாக்கணும், எங்க நிண்டா குலையும் எண்டதைத் தரையிலயே அடையாளம் வச்சுக் காட்டிட்டார். அதைப் பொய் எண்டு என்னால சொல்ல முடியல்ல. எல்லாப் பார்வையும் ஒரு இடத்தில வந்து சேரணும் எண்ட கருத்தில செஞ்ச வேலை அது.

மிலான் நகரத்தில சான் சாத்திரோ ஆலயமும் இதே வகை. பீடத்துக்குப் பின்னால வீதி, இடமில்லை. 1480களில பிரமாந்தே எண்ட கலைஞர் ஒரு மீற்றருக்கும் குறைஞ்ச ஆழத்தில, பல மீற்றர் நீளமான மண்டபம் இருக்கிற மாதிரிச் சுதையில செஞ்சு விட்டார். எங்கட பக்கத்துச் சின்னச் சேர்ச்சுகளுக்கும் இதே இடப் பிரச்சினைதான், நாங்க பிளாஸ்ரிக் பூ வச்சு மறைக்கிறம்.


பட்டிருப்பு_சித்திர_டீச்சர்:

மண்டூர் அண்ணன், உங்கட கேள்வியை நான் ஒதுக்க மாட்டன். மண்டூர்த் திரைக்கு முன்னால நானும் நிண்டிருக்கன், அங்க எனக்கும் ஒண்டும் குறையல்ல.

ஆனா அந்தத் திரையையும் யாரோ ஒரு முன்னோர் தீர்மானிச்சுத்தானே போட்டிருக்காங்க. எதைக் காட்டுறது, எதைக் காட்டாம விடுறது எண்ட தீர்மானம் அது. சிறீரங்கத்தில ஏழு பிரகாரம். வெளியில நிக்கிற ராஜகோபுரம் 236 அடி, 1987லதான் முடிச்சாங்க. உள்ள போகப் போகக் கோபுரம் சின்னதாகும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். பெருமாளுக்குக் கிட்டப் போகக்குள்ள எண்ணெய் விளக்கு மட்டும் மிச்சம். வெளி வெயில்ல இருந்து வந்த கண்ணுக்கு அந்த இருட்டில எதுவும் உடனே தெரியாது, காத்திருந்துதான் காணணும். மண்டூரில திரை செய்யிறதை அங்க இருட்டு செய்யுது.

இன்னொரு பக்கம் இஸ்தான்புல் ஹாகியா சோபியா. 537ல முடிச்ச ஆலயம் அது. குவிமாடத்தின்ட அடியைச் சுத்தி 40 சாளரம். வெயில் ஏறினா அந்தச் சாளர வரிசை முழுக்க வெளிச்சமாகி, தாங்கிற சுவரே கண்ணுக்குக் கரைஞ்சு போகும். வானத்தில இருந்து பொன் சங்கிலியில தொங்கவிட்ட மாதிரி இருக்கு எண்டு அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதி வச்சிருக்கிறார். ஒரு இடத்தில இருட்டு, ஒரு இடத்தில வெளிச்சம், உங்கட இடத்தில திரை. மூண்டையும் ஏமாத்து எண்டு சொல்ல எனக்கு மனம் வரல்ல.


மண்டூர்ப்_பிள்ளை:

இருட்டும் திரையும் ஒண்டு எண்டு நான் ஒத்துக்கொள்ளல்ல டீச்சர். இருட்டில கொஞ்ச நேரத்தில கண் பழகிக் கண்டிடும். திரைக்கு எவ்வளவு நேரம் நிண்டாலும் காணக் கிடைக்காது. அதுதான் மண்டூர்.


அம்பாறை_வயல்வெளி:

விகாரை பற்றி யாரும் எழுதல்ல, நான் எழுதுறன். வேலை விசயமா இறக்காமம் பக்கம் அடிக்கடி போற ஆள். வயல் வரம்பில நிண்டு தீகவாபித் தாதுகோபத்தை, பௌத்தர்ட தூபியை, பாக்கிறது வழக்கம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டினது எண்டு வரலாறு.

கோபுரத்துக்கும் தாதுகோபத்துக்கும் பெரிய வித்தியாசம் இது: தாதுகோபத்துக்கு முன்பக்கம் எண்டு ஒண்டு இல்லை. எந்தப் பக்கத்தால வந்தாலும் ஒரே உருவம். சுத்தி நடந்தா நடக்கிறது மாதிரியே தெரியாது, கட்டடம் மாறாம நிக்கும். பழைய நூல்களில தாதுகோப வடிவங்களுக்குக் குமிழி, மணி எண்டெல்லாம் பேர் இருக்கு, அதில ஒண்டு நெற்குவியல். அறுவடை காலத்தில எங்கட களத்தில குவிச்ச நெல்லையும் தூரத்துத் தாதுகோபத்தையும் சேர்த்துப் பாத்தவனுக்கு அந்தப் பேர் ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை.

அநுராதபுரத்தில ஜேதவனாராமய முதல் கட்டக்குள்ள 122 மீற்றர் உயரம் எண்டு கணிக்கிறாங்க. அவ்வளவு பெரிய உருண்டையின்ட அடியில நிண்டா அளவு பிடிபடாது, ஒரு செங்கல் மலை, அவ்வளவுதான். நாலு திசையிலயும் வச்ச வாகல்கடை எண்ட முகப்புக் கட்டும், அடியில சுத்தி வாற மூண்டு வளையமும்தான் மனிச அளவைக் கொடுக்கிறது. வெள்ளை பூசின தாதுகோபமெண்டா நண்பகலில நிழல் இல்லாமத் தட்டையா, வெட்டி ஒட்டின கடதாசி மாதிரி நிக்கும். காலையிலயும் பின்னேரத்திலயும் ஒரு பக்கம் நிழல் ஏறினாத்தான் உருண்டை எண்டு தெரியும். பாக்கப் போற ஆக்கள் நேரம் பாத்துப் போங்க.


எழுவான்கரைக்_கோயில்_சபை:

நானும் கேக்கலாமா? எங்கட கோயிலுக்கு ராஜகோபுரம் கட்டத் தீர்மானிச்சிருக்கு. ஊர்ப் பேர் வேணாம், வாவிக்குக் கிழக்கால எழுவான்கரைப் பக்கம். வீதி 20 அடி, அங்கால வீட்டு மதில். ஐந்து தளம், 55 அடி எண்டு வரைபடம் வந்திருக்கு. காசு வெளிநாட்டு ஆக்கள் தாறாங்க. இந்த இழையை வாசிக்கத் தொடங்கினதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. வீதியில நிண்டு பாக்கிறவருக்கு என்ன தெரியும்?


கல்லடி_வரைபடம்:

அண்ணன், மதிலோடு முதுகை ஒட்டி நின்றாலும் கோபுரத்திலிருந்து அந்த 20 அடி அளவுதான் கிடைக்கும். 55 அடி உச்சியைக் காண 60 பாகைக்கு மேல் தலையைத் தூக்க வேண்டும். ஹெர்மன் மேர்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் 19ஆம் நூற்றாண்டில் கொடுத்த கணக்கை இன்றைக்கும் படிப்பிக்கிறார்கள். உயரத்தின் ஒரு மடங்கு தூரத்தில் நின்றால் விவரங்கள் தெரியும். இரண்டு மடங்கு தூரத்தில் நின்றால் கட்டடம் முழுமையாகத் தெரியும். அப்போது பார்வை 27 பாகைதான் ஏறும். மூன்று மடங்கில் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து தெரியும். உங்கள் 55 அடிக்கு 110 அடி தூரம் வேண்டும்.

பழைய ஊர்களில் தேர் வீதி இந்த வேலையைச் செய்தது. கொக்கட்டிச்சோலையில் தேர் ஓடுகிற நாளில் அவ்வளவு சனமும் நின்று பார்க்க இடமிருக்கிறதே, அந்த அகலம்தான் கோயிலை மற்ற நாளிலும் முழுதாகக் காட்டுகிறது.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ரோமில் புனித பேதுரு பேராலயத்துக் குவிமாடம் மைக்கலாஞ்சலோ வரைந்தது, 1590இல் உயர்ந்தது. பிறகு மதேர்னோ என்பவர் கட்டடத்தை முன்னுக்கு நீட்டி அகலமான முகப்பு வைத்தார். முகப்புக்குக் கிட்ட வர வரக் குவிமாடம் அதற்குப் பின்னால் இறங்கி மறைந்துவிடுகிறது. உலகத்தில் மிகப் பெரிய குவிமாடங்களில் ஒன்று, வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது. உங்கள் கோயில் விமானம் எத்தனை அடி? கோபுரம் எழும்பிய பிறகு வீதியிலிருந்து அது தெரியுமா? முன்னால் சீற் கொட்டகை போட்டிருக்கிறீர்களா?


எழுவான்கரைக்_கோயில்_சபை:

விமானம் 28 அடி. கொட்டகை இருக்கு, வசந்த மண்டபத்துக்கு முன்னால, திருவிழாவுக்குப் போட்டது கழட்டல்ல. இப்பவே விமானம் பாதி தெரியிறதில்லை.


சுவிஸ்_மட்டு:

காசு தாற ஆக்களில நானும் ஒருத்தன். எங்கட ஆசையையும் விளங்கிக்கொள்ளுங்க. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் எண்டு சொல்லித்தான் எங்கட அம்மா வளத்தவ. உள்ள போக ஏலாதவர், வருத்தக்காரர், தூரத்தில வேலை செய்யிறவர் எல்லாரும் கோபுரத்தைப் பாத்துக் கும்பிடுறதுக்குத்தான் உயரம். ஒரு காலத்தில உள்ள விடாத சனமும் கோபுரத்தைப் பாத்துத்தான் கும்பிட்டது. வீதியில நிக்கிறவரை மட்டும் வச்சுக் கணக்குப் போடாதீங்க. ஊருக்குள்ள வரக்குள்ளயே தெரியணும்.


கல்லடி_வரைபடம்:

நியாயமான ஆசை அண்ணன், அதற்கும் இடம் பார்க்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கோயில் என்றால் நான் ஐந்து தளத்துக்கும் ஆம் என்பேன். திறந்த வயல், ஒரு மைலுக்கு அப்பால் வருகிறவருக்கும் தெரியும். எழுவான்கரையில் தென்னந்தோப்பு. நல்ல தென்னை 60, 70 அடி நிற்கும். 55 அடிக் கோபுரம் தோப்புக்குள் மறைந்துவிடும், கிட்டவும் முழுதாகத் தெரியாது, தூரவும் தெரியாது. மூன்று தளம் 35 அடியில் அளவாகக் கட்டி, மிச்சக் காசில் எதிரே ஒரு காணித் துண்டு வாங்கித் திறந்த வெளியாக விட்டால் ஊருக்கே முழுத் தரிசனம் கிடைக்கும். கொட்டகையைத் திருவிழா முடிந்ததும் கழற்றுங்கள்.


ஓடாவி_காத்தான்குடி:

காகிதத்தில சண்டை பிடிக்காம ஒரு வேலை செய்ங்க. கோபுரம் வரப்போற இடத்தில நாலு மூலைக்கும் கமுகு நட்டு, 35 அடியில ஒரு கயிறு, 55 அடியில ஒரு கயிறு கட்டி, சிவப்புச் சீலை தொங்க விடுங்க. கமுகு நீளம் காணாட்டி ரெண்டச் சேர்த்து வரியலாம், நான் ஆள் தாறன். சபையில இரிக்கிற எல்லாரையும் வீதியில, தோப்பு முனையில, சந்தியில எண்டு நிப்பாட்டிக் காட்டுங்க. வெளிநாட்டு ஆக்களுக்கு வீடியோ எடுத்து அனுப்புங்க. மினாரா உயரம் தீர்மானிக்க நாங்க செஞ்ச முறை இது. ஒரு பின்னேர வேலைதான்.


சுவிஸ்_மட்டு:

வீடியோ அனுப்புங்க, இங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறன். தோப்புக்கு மேல சீலை தெரியாட்டி நான் மூண்டு தளத்துக்கு நிப்பன். எதிர்க்காணி பற்றியும் விலை கேட்டு எழுதுங்க.


சுதைவேலை_திருக்கோவில்:

கயிறு கட்டுற அண்டைக்கு என்னையும் கூப்பிடுங்க. ஒரு விசயம் இப்பவே சொல்லி வைக்கணும். கோபுரம் வீதியைப் பாத்து நிக்குது, சனம் வீதி வழியே ரெண்டு பக்கத்தாலயும் வருது. அப்ப அதுகள் முதல்ல காணுறது கோபுரத்தின்ட முன்முகத்தை இல்ல, ஒடுங்கின பக்கவாட்டு முகத்தை. வழக்கமா அங்க சின்னச் சின்னப் பூதகணமும் யாளியும் வச்சு முடிச்சிடுவம், ஏனெண்டா சம்பளம் முன்முகத்துக்குத்தான். உங்கட இடத்தில அது பிழைச்சிடும். வடக்கால வாறவருக்கு ஒரு பெரிய உருவம், தெற்கால வாறவருக்கு அதே அளவில ஒண்டு, வீதிப் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கணும். கழுத்து எவ்வளவு திருப்பிறது, எவ்வளவு குனியிறது எண்டதை நான் சந்தியில நிண்டு பாத்துத்தான் சொல்லலாம். அதுக்கான இரும்பு முதல் தளக் கொங்கிறீட் போடக்குள்ளயே வெளியில நீட்டி விட்டிருக்கணும், பிறகு துளைச்சு ஏத்தினா பாரம் தாங்காது. கொங்கிறீட் போடுற திகதி குறிக்க முதல் வரைபடத்தை எனக்கும் கல்லடி அக்காவுக்கும் அனுப்பி விடுங்க.